நடுகல்லின் காலடியில் ஒரு கெண்டி

தருமபுரியிலிருந்து அரூர் வழியாகச் செங்கத்தை நோக்கிப் பயணம் செய்பவர், புளியமரத்து நிழலிலோ, ஏரிக்கரையின் சரிவிலோ, உழுநிலத்து வரப்பின் ஓரத்திலோ, பலகை போன்ற கல் ஒன்று நடப்பெற்று, தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் மஞ்சளும் பூசப்பெற்றுக் கறுத்து, முன்னே சுடுமண் குதிரைகள் சில நிற்க, வேடியப்பன் என்ற திருப்பெயரோடு பூஜை பெற்று வருவதைப் பல இடங்களில் காண்பார். ஊராருக்கு அது குலதெய்வம்; பிறக்கும் ஆண்மகவுக்கு அந்தப் பெயரையே இட்டு அழைப்பதில் அவர்களுக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. சரித்திரத்தை ஆராய்பவருக்கோ, அது ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர், அயலார் கவர்ந்துசென்ற மாட்டு மந்தையை மீட்கப் போய், அம்பு தைத்து வீழ்ந்த ஒரு மனிதனுடைய நினைவுக்கல்.

அந்தக் கல்லை நீராட்டித் துடைத்துவிட்டு, மாலை வெயில் சாய்வாக விழும் வேளையில் பார்த்தால், முதலில் புலப்படுவது வீரனுடைய உருவம்: ஒரு கையில் வில், ஒரு கையில் வாள், முடிந்த கொண்டை, முன்னோக்கிப் பாயும் நிலையில் மடங்கிய கால்கள், சிலவற்றில் மார்பிலும் தொடையிலும் தைத்து நிற்கும் அம்புகள். அவன் தலைக்கு மேலும் பக்கத்திலும் வட்டெழுத்தில் சில வரிகள் இருக்கும். அவற்றில் ஆண்டுகொண்டிருந்த பல்லவ அரசன் சிம்மவிஷ்ணுவோ மகேந்திரவர்மனோ, அவனுக்கு அது எத்தனையாவது ஆட்சியாண்டு, அந்தச் சீமையின் தலைவன் யார், வீரன் யாருடைய சேவகன், எந்த ஊர்த் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்டுப் பட்டான் என்னும் விருத்தாந்தம் சுருங்கச் சொல்லப்பட்டிருக்கும். அறிஞர்களுடைய கவனம் இயல்பாகவே அந்த எழுத்துக்களின்மீது சென்றது. தமிழகத் தொல்பொருள் ஆய்வுத் துறை 1972ல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் என்னும் தொகுதி, பல்லவர் காலத்து மொழியையும் எழுத்தையும் ஆட்சி முறையையும் பற்றி நாம் அறிந்திருந்ததைப் பெரிதும் விரிவாக்கியது. ஆனால் வீரனுடைய பாதத்துக்கு அருகே, படிப்பவர் கண் பெரும்பாலும் தங்காமல் கடந்துபோகும் இடத்தில், சிற்பி மிகுந்த சிரத்தையோடு செதுக்கி வைத்த சிறு பாத்திரம் ஒன்று உண்டு. இக்கட்டுரை அந்தப் பாத்திரத்தைப் பற்றியது.

உருண்டு திரண்ட வயிறு, குறுகிய கழுத்து, பக்கவாட்டில் மேல்நோக்கிச் சாய்ந்து எழும் மூக்கு: பார்த்த மாத்திரத்தில் கெண்டி என்று சொல்லிவிடலாம். அதன் அருகே மூடியிட்ட சிமிழ் போன்ற மற்றொரு பொருளும் பல கற்களில் காணப்படுகிறது. அதைக் கண்ணாடி என்று கொள்வாரும் உளர். கெண்டியில் இருப்பது என்ன? தண்ணீர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. தாகத்தோடு இறந்தவனுக்குத் தண்ணீர் வைப்பது எந்த நாட்டிலும் உள்ள வழக்கந்தான். எனினும் இந்தக் கற்கள் நிற்கும் பூமி அதியமானுடைய தகடூர் நாடும் அதை அடுத்த நன்னனுடைய நாடும் ஆகும் என்பதையும், அந்நாடுகளைப் பற்றிச் சங்கப் புலவர்கள் பாடிவைத்தவற்றையும் நினைவில் கொண்டு பார்க்கையில், அது கள்ளே என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

அதியமான் நெடுமான் அஞ்சி தகடூரிலிருந்து ஆண்ட குறுநில மன்னன். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. நீண்ட ஆயுளைத் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு அளித்தவன் என்ற முறையில் பள்ளிப் பிள்ளைகளும் அவனை அறிவார்கள். அவன் வெறும் கவி கற்பனை அல்லன் என்பதற்கு, திருக்கோவலூரை அடுத்த ஜம்பை என்னும் ஊரில் 1981ல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டுச் சாட்சி. அசோகச் சக்கரவர்த்தியின் சாசனம் சேர சோழ பாண்டியரோடு சேர்த்துக் கூறும் சதியபுத்திர வம்சத்தவன் இவன் என்பது அதனால் தெளிவாயிற்று. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றி வென்ற போரில் அவன் மாண்டான். அந்தப் போரைப் பற்றி எழுந்த தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுமையாகக் கிடைக்காமல், புறத்திரட்டு முதலியவற்றில் சில செய்யுட்களாக மட்டும் எஞ்சியிருப்பது தமிழுக்கு நேர்ந்த நஷ்டங்களுள் ஒன்று.

அவன் இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டுக்கள் புறநானூற்றில் உள்ளன. அவற்றுள் 232ஆம் பாட்டில், அவனுக்கு நடுகல் நாட்டி, அதற்கு மயிற்பீலி சூட்டி, நாரினால் வடித்த கள்ளைச் சிறிய கலத்தில் ஊற்றிப் படைக்கிறார்கள். மலை ஓங்கிய நாட்டையே பிறர் கொடுத்தபோதும் வாங்க மறுத்த பெருமகன், இந்தச் சிறு கலத்துக் கள்ளையா ஏற்றுக்கொள்வான் என்று புலவர் புலம்புகிறார். பாட்டு ஏழு அடிகளைத் தாண்டாதது. அதற்குள் பீலி, கல், நார், கலம் என்று கையால் தொட்டறியக்கூடிய நான்கு பொருள்களை அடுக்கிவிட்டு, அவற்றின் சிறுமைக்கும் இறந்தவனுடைய பெருமைக்கும் இடையேயுள்ள தூரத்தைக் காட்டும் வகையில், துக்கம் தானே பெருகும்படி அவர் அமைத்திருக்கிறார். இந்தப் பாட்டில் வரும் சிறு கலத்தையும், அதே நாட்டில் ஐந்நூறு அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர்ப் பல்லவர் காலத்துச் சிற்பி கல்லில் செதுக்கிய கெண்டியையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, புலவர் சொல்லில் பதித்ததையே சிற்பி கல்லில் பதித்தான் என்பதில் ஐயம் எழாது.

மற்றொரு பாட்டு 235ஆம் எண்ணுடையது. கள் சிறிதளவே கிடைத்தால் தான் குடியாமல் எங்களுக்கே கொடுத்துவிடுவான். மிகுதியாகக் கிடைத்தாலோ, நாங்கள் குடித்துப் பாட, எஞ்சியதைத் தான் பருகி மகிழ்ந்திருப்பான் என்று தொடங்குகிறது அது. குடிப்பதைப் பற்றி உலகத்து மொழிகளில் எத்தனையோ கவிதைகள் உள்ளன. குடிக்காமல் விட்டுக்கொடுத்ததைக் கொண்டு ஒரு மன்னனின் பெருமையை அளந்த கவிதையை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்தப் பாட்டின் பிற்பகுதியிலும் ஒரு பாத்திரம் வருகிறது. அதியமான் மார்பில் பாய்ந்த வேல், அவன் மார்பை மட்டுமா துளைத்தது, பாணர்களுடைய அகன்ற மண்டையைத் துளைத்து, இரப்பவர் கையைத் துளைத்து, புலவர் நாவில் போய் வீழ்ந்தது என்கிறார் ஔவையார். மண்டை என்பது பாணர்கள் உணவையும் கள்ளையும் ஏந்தி உண்ட வாயகன்ற பாத்திரம். மன்னனுடைய உடம்பில் பாய்ந்த வேலினால் அவனை அண்டியிருந்தவர்களுடைய பாத்திரங்கள் ஓட்டையாயின என்று சொல்லும்போது, அந்த நாட்டில் கொடுப்பவனுக்கும் கொள்பவனுக்கும் இடையேயிருந்த சம்பந்தத்தின் வடிவமே பாத்திரந்தான் என்பது விளங்குகிறது.

கள் படைக்கும் வழக்கம் அதியமான் ஒருவனுக்காக ஏற்பட்டதன்று. அகநானூற்று 35ஆம் பாட்டில், நடுகல்லுக்குப் பீலி சூட்டி, துடி முழக்கி, தோப்பிக் கள்ளோடு ஆட்டைப் பலி கொடுக்கும் பாலை நிலத்து மறவர் வருகிறார்கள். புறநானூற்று 329ஆம் பாட்டில், வீட்டிலேயே கள் காய்ச்சும் சிற்றூர் ஒன்றின் பக்கத்தில் நிற்கும் நடுகல்லை நன்னீராட்டி, பலியூட்டி, நெய் விளக்கேற்றுகிறார்கள். வேடியப்பன் கோயிலில் இன்றும் நீராட்டும் விளக்கும் பலியும் நிகழக் காண்கிறோம். இடையில் மதங்கள் மாறின, அரசுகள் மாறின, கல்லில் இருப்பவன் பெயர் மறந்து எல்லோரும் வேடியப்பர் ஆனார்கள். அனுஷ்டானம் மட்டும் அறுந்துபோகவில்லை.

தோப்பி என்பது மரத்திலிருந்து இறக்கும் கள் அன்று. நெல்லிலிருந்து வீட்டில் சமைக்கும் பானம். அதைச் சமைக்கும் முறையைப் பெரும்பாணாற்றுப்படை, பாகசாஸ்திரம் எழுதுபவர் போலக் கிரமமாகச் சொல்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் கொட்டி ஆற்றி, புற்றாஞ்சோறு போல் தோற்றமளிக்கும் முளை நெல்லை இடித்து அதனோடு கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, வலிய வாயையுடைய சாடியில் நன்றாக விளைந்தபின், விரலால் அலைத்துப் பிழிந்து எடுப்பார்கள். முளைவிட்ட தானியம் மாவை இனிப்பாக மாற்றுவதும், அந்த இனிப்பு நொதித்து மதுவாவதும் ஐரோப்பியர் பார்லியிலிருந்து பீர் காய்ச்சுவதற்கு அடிப்படையான அதே சங்கதிகளே. இங்கே சாடியின் வாய் வலியது என்று புலவர் விசேஷித்துச் சொல்வதைக் கவனிக்கவேண்டும். பொங்கி எழும் பானத்தை அடக்கி வைப்பதற்கு வாய் தடித்த பாத்திரம் வேண்டும் என்பது காய்ச்சுபவர்களுக்குத் தெரிந்திருந்தது.

செங்கத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த நன்னனைப் பாடும் மலைபடுகடாம், வேறொரு பாத்திரத்தைக் காட்டுகிறது. மலைமேல் வாழ்பவர்கள் தேனினால் ஆன தேறலை மூங்கிற் குழாயில் பெய்து விளையவைத்து விருந்தினருக்கு வழங்கினார்களாம். ஜவ்வாது மலைச் சாரலிலும் சித்தேரி மலையிலும் மூங்கில் தழைத்து வளர்வதைப் பார்த்தவருக்கு இதில் ஆச்சரியம் இராது. கணுவோடு வெட்டிய மூங்கிலே அடியும் சுவரும் உள்ள ஆயத்தப் பாத்திரம். மண் கிடைத்த சமவெளியில் சாடியும், மூங்கில் கிடைத்த மலையில் குழாயும், பொன் கிடைத்த அரண்மனையில் பொற்கலமும் பயன்பட்டன. பாண்டியன் நன்மாறனுக்கு யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை மகளிர் பொன் கலத்தில் ஏந்தி ஊட்டினார்கள் என்று புறநானூற்று 56ஆம் பாட்டில் நக்கீரர் பாடுகிறார். அந்த யவனக் கலங்கள் எத்தகையன என்பதை 1945ல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் வீலர் நடத்திய அகழாய்வு காட்டிக்கொடுத்தது: கூர்ந்த அடியும் இரு கைப்பிடியும் உள்ள ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகள் அங்கே வெளிப்பட்டன.

சாதாரண மக்கள் பருகிய கலம் எப்படியிருந்தது என்பதை அறிய, தருமபுரி மாவட்டத்து நிலத்தடியையே நாடவேண்டும். மோதூரிலும், பென்னாகரத்தைச் சார்ந்த பெரும்பாலையிலும், முன்னர் இம்மாவட்டத்தில் அடங்கியிருந்து இப்போது கிருஷ்ணகிரியைச் சேர்ந்துவிட்ட மயிலாடும்பாறையிலும் அகழ்ந்தவர்களுக்கு, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான மட்பாண்டங்கள் கிடைத்துள்ளன. மயிலாடும்பாறையில் இரும்பு வழங்கிய காலத்தின் தொன்மை கி.மு. 2172 வரை எட்டுகிறது என்று 2022ல் அறிவிக்கப்பட்டது யாவரும் அறிந்த செய்தி. பாண்டத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது, காற்றுப் புகாத உட்புறமும் வாய்விளிம்பும் கறுத்து, தீயும் காற்றும் படும் வெளிப்புறம் சிவக்கிறது என்பது அறிஞர் பலர் கொள்ளும் விளக்கம். குயவர் சுடுவதற்கு முன் பாண்டத்தின் மேல் நுண்ணிய மண்கரைசலைப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். ஆகவே கண்ணாடிப் பூச்சு என்பதே அறியாத அந்தக் கிண்ணத்தின் விளிம்பைக் கையால் தடவினால், ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் பட்டுப்போல் வழுக்குகிறது. கல்வட்டங்களுக்கும் கற்பதுக்கைகளுக்கும் உள்ளே இறந்தவர்களுடைய எலும்புகளின் அருகே இத்தகைய கிண்ணங்களும், அவற்றைத் தாங்கும் வளைய வடிவான தாங்கிகளும், உச்சியில் குமிழ் வைத்த மூடிகளும் இடம்பெற்றன. கல்லின் மேல் கெண்டியைச் செதுக்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இறந்தவனுக்குப் பாத்திரம் கொடுத்தனுப்பும் வழக்கம் இந்த மண்ணில் வேரூன்றிவிட்டது.

மேல்நாட்டிலும் குடிக்கும் கலத்துக்கு இத்தகைய நீண்ட சரித்திரம் உண்டு. அவற்றுள் ரைன் நதிப் பிரதேசத்தில் செய்யப்பெற்ற மூடியிட்ட பீர்க் குவளையை நம்முடையவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். நம் வீடுகளில் ஊறுகாய் போட்டு வைக்கும் ஜாடிக்கு உபயோகமாகும் கெட்டிப் பீங்கான் வகையைச் சேர்ந்தது அது. சீக்பர்க், வெஸ்டர்வால்ட் முதலிய இடங்களில் கிடைக்கும் களிமண், 1200 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து, நீர் சிறிதும் கசியாத அளவுக்குக் கல்லாக இறுகும். சூளையின் சூடு உச்சத்தை எட்டும் தருணத்தில் கைப்பிடி கைப்பிடியாக உப்பை உள்ளே எறிவார்கள். அது ஆவியாகி, மண்ணிலுள்ள மணற்சத்தோடு கலந்து, ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற மெல்லிய பளபளப்பைக் குவளையின் மேல் படியவைக்கும். சாம்பல் நிறக் குவளையின் மேல் நீல வர்ணச் சித்திரம் வெஸ்டர்வால்ட்டின் முத்திரை. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து அதற்கு மூடி போடுவது வழக்கமாயிற்று. வெள்ளீயத்தோடு வேறு உலோகங்களைச் சிறிதளவு சேர்த்து வார்த்த அந்த மூடி, கைப்பிடியோடு கீலால் பிணைக்கப்பட்டிருக்கும்; குவளையைப் பிடித்த கையின் கட்டைவிரலாலேயே அழுத்தித் திறக்கும்படி, அதன் மேல் ஒரு சிறு நெம்புகோலும் உண்டு. குயவன் குவளையைச் செய்ய, ஈயக் கருமான் மூடியைச் செய்ய, இரண்டும் சேர்ந்து ஒரு மனிதனுடைய சொந்த உடைமையாகும். மூடியின் மேல் அவன் தன் பெயரைப் பொறித்துக்கொள்வான். பின்னாளில் பட்டாளத்தில் கெடு முடித்துத் திரும்பிய ஜெர்மானியச் சிப்பாய்கள் தம் பெயரும் படைப்பிரிவும் தீட்டிய குவளைகளை ஊருக்கு எடுத்துச் சென்று பரம்பரைச் சொத்தாகக் காத்தார்கள்.

நம்முடைய கெண்டியில் பெயர் இல்லை. அதன் அமைப்பே ஒருவருக்கென்று ஏற்பட்டதாக இல்லை. உதட்டில் வைத்து உறிஞ்சுவதற்கு ஜெர்மானியக் குவளையின் வாய் அகன்றிருக்கிறது. அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொள்வதற்கு நம் கெண்டியின் மூக்கு நீண்டிருக்கிறது. எச்சில் படாமல் குடிப்பது ஆசாரம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்த ஆசாரத்தின் உள்ளே வேறொரு நன்மையும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உதடு படாத பாத்திரத்தைப் பந்தியில் உள்ள எல்லோருடைய கையிலும் கொடுக்கலாம். ரைன் கரையில் ஒவ்வொருவனும் தன் குவளையைத் தானே மூடிவைத்துக் காத்தான். தகடூரிலோ ஒரே கலம் மன்னனிடமிருந்து பாணனுக்கும், பாணனிடமிருந்து புலவருக்கும் சென்றது. கடைசியில் கல்லாகிவிட்டவனுக்கும் சென்றது. ஒவ்வொரு சமுதாயமும் தனக்கு எது முக்கியம் என்று கருதிற்றோ அதற்கேற்பக் கலத்தை வனைந்தது. ஜெர்மானியனுடைய மூடியில் உள்ள தொழில் நேர்த்தியை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆயினும் ஔவையார் கையில் மாறிய அந்தப் பெயரில்லாத கலத்தின்மீதே என் மனம் செல்கிறது.

பல்லவருக்குப் பின் நுளம்பரும், கங்கரும், சோழரும், ஹொய்சளரும், விஜயநகர வேந்தரும் இந்த நாட்டை ஆண்டார்கள். நடுகல்லின் உருவமும் மாறியது. கல் மூன்று தட்டுக்களாகப் பிரிந்து, கீழே போரும், நடுவில் அப்சரஸ்கள் வீரனைத் தூக்கிச் செல்லுதலும், மேலே அவன் வீர சொர்க்கத்தில் வீற்றிருத்தலும் சிற்பமாயின. காலடிக் கெண்டி மெல்ல மறைந்தது. ஆனால் பிற்காலத்துச் சதிக்கற்களில், கணவனோடு தீப்புகுந்த பெண் ஒரு கையில் சிறு குடுவையைத் தாங்கி நிற்பதைக் காண்கிறோம். அதை மதுக்குடுவை என்பர். அந்தக் குடுவையைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சி உண்டாவதில்லை. தீயின் முன் நிற்கும் பெண்ணின் கையில் கொடுத்த மது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று எண்ணினால் நெஞ்சம் பதறுகிறது. பெயரும் பொறிக்காமல் குடுவையை மட்டும் பொறித்துச் சென்ற அந்தக் கற்கள் நம் சரித்திரத்தின் துயரமான பக்கம்.

அரசாங்கம் கள்ளில் கை வைத்ததும் புதிய செய்தி அன்று. பல்லவர் செப்பேடுகளில் ஈழம்பூட்சி என்னும் வரி காணப்படுகிறது. ஈழம் என்பது கள். கள் இறக்குபவர்கள் அரசுக்குச் செலுத்திய இறை அது. ஆயினும் வரி வாங்குவது வேறு, கள்ளையே அரசின் வருமானத்துக்குத் தூணாக்குவது வேறு. 1792ல் திப்பு சுல்தானிடமிருந்து, தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியார் வசமாயிற்று. கேப்டன் ரீடும், அவருக்கு உதவியாகத் தருமபுரியில் தங்கியிருந்த மன்றோவும் நிலத்தை அளந்து ரயத்துவாரி முறைக்கு அடிகோலினார்கள். நிலத்தை அளந்த ஆட்சி பின்னர் மரத்தையும் எண்ணிற்று. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரி என்னும் மதுவரிச் சட்டத்தின் கீழ் மரவரியும் கடைக் குத்தகையும் ஏலமும் வலுப்பெற்றன. வீட்டில் சமைத்து விருந்தினருக்கும் கல்லுக்கும் ஊற்றியது போய், கடைக்குச் சென்று காசு கொடுத்துக் குடிப்பது வழக்கமாயிற்று. அப்போது பாத்திரத்தின் குணமும் மாறிவிட்டது. கள்ளுக்கடையின் மண் மொந்தை ஓர் அளவை. ஒரு மொந்தைக்கு இவ்வளவு காசு என்று விலை பேசும் இடத்தில் கொடுப்பவனும் கொள்பவனும் மறைந்து, விற்பவனும் வாங்குபவனும் மட்டுமே எஞ்சினார்கள்.

தருமபுரிச் சீமையில் பனையும் தென்னையும் போலவே ஈச்சமரமும் கள்ளுக்குப் பேர்போனது. பனையிலும் தென்னையிலும் பாளையைச் சீவுவார்கள். ஈச்சமரத்தில் தண்டின் மேற்பகுதியையே சீவி, வடியும் சாற்றைக் கலயத்தில் ஏந்துவார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு இனித்திருக்கும். தடவாமல் விட்டால் பொழுது ஏறும் முன்பே நுரைத்துக் கள்ளாகிவிடும். பழைய கலயம் புதிய கலயத்தைவிட விரைவில் புளிக்கவைக்கும் என்பது மரமேறிகள் அனுபவத்தில் கண்ட உண்மை; நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் துளைகளில் குடியிருப்பதே அதற்குக் காரணம். உப்பிட்டுக் கல்லாக்கிய ரைன் குவளையில் இது நிகழாது. மண் கலயம் கள்ளைத் தாங்குவதோடு நிற்காமல், அதை விளைவிக்கவும் செய்கிறது. பிழாவையும் சாடியையும் பற்றிப் புலவர் அவ்வளவு விரிவாகச் சொன்னதன் நியாயம் இதிலிருந்து விளங்கும். இறக்கிய கள்ளைப் பன்னாடையில் வடிகட்டுவதும், ஔவையார் கூறிய நாரால் வடிப்பதும் ஒரே தொழிலின் தொடர்ச்சி.

இந்தத் தொழில் 1937 அக்டோபர் 1ஆம் தேதி ஒரே நாளில் நின்றது. அன்றைய சேலம் ஜில்லாவில், அதாவது இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கியிருந்த பெரிய ஜில்லாவில், ராஜாஜியின் மந்திரிசபை பூரண மதுவிலக்கை அமல்படுத்திற்று. சென்னை ராஜதானியில் அதுவே முதலாவது. ராஜாஜி ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் வக்கீலாகவும் நகரசபைத் தலைவராகவும் இருந்தவர். 1925ல் திருச்செங்கோட்டில் காந்தி ஆசிரமம் நிறுவி, சுற்றுப்புறத்து ஏழைக் குடும்பங்களைக் குடி எவ்வாறு சீரழித்தது என்பதை நேரில் கண்டவர். அந்த ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே வெளிவந்த விமோசனம் பத்திரிகையில் கல்கி அவரோடு உழைத்தார். ஆப்காரி வருமானம் போனதை ஈடுகட்ட 1939ல் விற்பனை வரிச் சட்டம் வந்தது. இன்று நாம் கடையில் செலுத்தும் வரியின் மூலவரலாறு, இந்தச் சீமையின் கள்ளுக்கடைகளை மூடியதோடு பின்னிப் பிணைந்தது என்பது பலருக்குத் தெரியாது. பின்னர் மதுவிலக்கு தளர்ந்ததும், 1948ல் மாகாணம் முழுவதற்கும் பரவியதும், 1971ல் விலக்கப்பட்டதும், மறுபடி வந்ததும் அரசியல் சரித்திரத்தைச் சேர்ந்தவை. அவற்றை இங்கே விரிக்க வேண்டுவதில்லை.

ராஜாஜி செய்தது நன்று என்பதே என் அபிப்பிராயம். அதியமான் கலத்தைப் போற்றுபவன் இவ்வாறு சொல்வது பொருந்துமா என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கலத்தின் தர்மம் பகிர்ந்து கொள்வது. சிறிதளவு இருந்தால் தனக்கு வேண்டாம் என்று விட்டுவிடுவது. வீட்டில் குழந்தைகள் பட்டினி கிடக்க, கூலி முழுவதையும் மொந்தையில் ஊற்றியவன் அந்தத் தர்மத்துக்கு வாரிசு அல்லன். தகடூர்ப் பாட்டுக்களைக் காட்டிக் குடிக்குப் பெருமை தேடுபவர்கள், ஔவையார் எந்தச் செயலைப் புகழ்ந்தார் என்பதை மறுபடி ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும்.

சுடுமண் மொந்தையும் கலயமும் இன்று அரிதாகிவிட்டன. மட்பாண்டம் உடைவது, உடைந்தபின் அதைப் பாதுகாப்பவர் இல்லை. ஜெர்மனியின் குவளைகளைச் சேகரிப்பதற்கு உலகெங்கும் சங்கங்களும் ஏலங்களும் இருக்கின்றன; நம் கள் கலத்துக்கு இருக்கும் ஒரே நிலையான சாட்சி நடுகல்லின் காலடியில் உள்ள கெண்டி. அதையும் நாம் இழந்து வருகிறோம். சாலை அகலப்படுத்தும்போது புரட்டப்பட்ட கற்கள் உண்டு. மதகுக்கும் படிக்கட்டுக்கும் துணிதுவைக்கவும் பயன்பட்ட கற்கள் உண்டு. பக்தி மிகுதியால் வர்ணமும் சிமெண்டும் பூசப்பெற்று, எழுத்தும் பாத்திரமும் அடியோடு மறைந்துபோன கற்களும் உண்டு. தருமபுரி நகரிலுள்ள அகழ்வைப்பகத்தில் பல நடுகற்களைக் கொண்டுவந்து காத்து வருகிறார்கள். ஆனால் வயல்களில் நிற்பவை அனைத்தையும் அங்கே கொண்டுவருதல் இயலாது, வழிபாட்டில் உள்ளவற்றை இடம்பெயர்த்தல் நியாயமும் ஆகாது. ஆகவே தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் வட்டங்களில் வாழும் அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்: உங்கள் ஊர் வேடியப்பன் கல்லுக்கு எண்ணெய் சாத்துங்கள், விளக்கு வையுங்கள், வர்ணத்தையும் சிமெண்டையும் மட்டும் அதன்மேல் பூசாதீர்கள். புதைந்தோ சாய்ந்தோ கிடக்கும் கல்லைக் கண்டால் அகழ்வைப்பகத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். கல்லின் அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்தால், அதன் காலடியில் கெண்டி இருக்கிறதா என்பதையும் பார்த்து எழுதுங்கள்.